மீட்சியின் கதை – 6: ஊர் திரும்பிய சிப்பாய்கள்

சென்ற வாரம்: கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரை ஒட்டிப் பெரிய பண்ணை ஒன்றின் நடுவே, 1935-ல் அமெரிக்க அரசு போதை மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. மாதக்கணக்கில் அங்கே தங்கி, உடல் தேறி, நல்ல நிலையில் வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேர் மறுபடி போதைக்கே போயிருந்தார்கள். அதிலும் பலர் ஆறே மாதத்துக்குள். உடம்பில் ஒரு துளி போதைகூட மிச்சம் இல்லாதவர்களைத் திரும்ப இழுத்தது எது?

இந்தக் கேள்வி அந்த மருத்துவமனைக்குள்ளேயே ஒருவரைக் குடைந்துகொண்டிருந்தது. அவர் ஆபிரகாம் விக்ளர், லெக்சிங்டனில் ஆராய்ச்சி செய்துவந்த மனநல மருத்துவர்.

போதையை விட்டுப் பல மாதங்களான நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவது அவருடைய வழக்கம். வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ பேசும்போது எல்லோரும் சாதாரணமாகத்தான் இருப்பார்கள். பேச்சு பழைய தெருவுக்கும் பழைய கூட்டாளிகளுக்கும் ஊசிக்கும் திரும்பினால் போதும். ஒருவர் கொட்டாவி விடுவார், இன்னொருவருக்குக் கண்ணில் நீர் கோக்கும், மூன்றாமவருக்கு மூக்கு ஒழுகும். மார்ஃபினை நிறுத்திய முதல் சில நாட்களில் உடம்பு காட்டும் அதே விலகல் அறிகுறிகள்! மாதங்கள் கடந்தபிறகு, வெறும் பேச்சில் அவை எப்படி வந்தன?

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்டது விக்ளரின் நினைவுக்கு வந்தது. சோறு வரும் நேரத்தில் கேட்டுப் பழகிய ஒலி, பிறகு சோறே இல்லாமல் நாயின் வாயில் நீர் ஊறச் செய்தது. அதேபோல, போதை இல்லாமல் தவித்த தெருவும் அறையும் அந்தத் தவிப்போடு பிணைந்துவிட்டிருக்குமோ? 1948-லேயே இந்தக் கருத்தை எழுதிவிட்ட விக்ளர், பின்னாளில் எலிகளிடம் அதைச் சோதித்தார். மார்ஃபினுக்குப் பழக்கப்பட்ட எலிகளைக் குறிப்பிட்ட கூண்டில் விலகல் அவதியை அனுபவிக்கவைத்தார். மார்ஃபினை அடியோடு நிறுத்தி, வெகுநாள் கழித்து அதே கூண்டில் விட்டபோது, நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல அவை உதறின. எலிகளுக்கான விலகல் அறிகுறி அது.

அதாவது, லெக்சிங்டனில் ஒருவருடைய உடம்பு குணமாகலாம். ஆனால் அவர் நியூயார்க்கில் ரயிலைவிட்டு இறங்கித் தன் பழைய தெருமுனைக்குப் போனதும், அந்தத் தெரு அவருடைய உடம்பைப் பழைய நாளுக்கே கொண்டுபோய்விடும்.

தப்பித்த சிலரில் ஒருவரை உலகம் அறியும். சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1955-ல் லெக்சிங்டனில் சிகிச்சை பெற்றார். வெளியே வந்தவர், பிறந்து வளர்ந்த நியூயார்க்குக்கு உடனே திரும்பவில்லை. சிகாகோவில் தங்கிக் கூலி வேலை செய்தார். ஜாஸ் கிளப்புகளை விட்டுக் கொஞ்ச காலம் விலகியிருந்தார். வாசிப்புப் பயிற்சியை மட்டும் விடவில்லை. தன்மேல் நம்பிக்கை வந்தபிறகே மேடை ஏறினார். அதன்பின் பல பத்தாண்டுகள் வாசித்தார்.

ஒரு கலைஞரின் கதை அழகாக இருக்கிறது. ஆனால் ஒருவரை வைத்து அறிவியல் எதையும் நிரூபிக்க முடியாது. போதைக்கு அடிமையான ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் அந்த இடத்தைவிட்டுப் பெயர்த்து, கடல் கடந்து வேறொரு வாழ்க்கையில் கொண்டுபோய் வைத்தால்தான் விக்ளரின் கருத்தைச் சோதிக்க முடியும். அப்படி ஒரு சோதனையை எந்த விஞ்ஞானி செய்ய முடியும்?

போர் செய்தது.

*

1971, மே மாதம். வியட்நாமுக்குப் போய்வந்த ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்டுவந்த செய்தி வாஷிங்டனை உலுக்கியது. அங்கிருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை!

அப்போது வியட்நாமில் சுமார் இரண்டரை லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் போனது. அங்கே கிடைத்த ஹெராயின் 90 சதவீதத்துக்கும் மேல் தூய்மையானது. விலையோ மிகக் குறைவு. ஊசிகூட வேண்டியதில்லை. சிகரெட் புகையிலையோடு கலந்து புகைத்தாலே போதை ஏறியது. சிப்பாய்களில் பலர் இருபது வயதைச் சுற்றி இருந்தவர்கள். அமெரிக்கா தன் படைகளைப் படிப்படியாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்ததால், மாதம்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

லெக்சிங்டனின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். பத்தில் ஒன்பது பேர் மீளமாட்டார்கள். அப்படியானால், ஆயுதப் பயிற்சி பெற்ற பல்லாயிரம் ஹெராயின் அடிமைகள் அமெரிக்க நகரங்களில் வந்து இறங்கப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஜூன் 17. அதிபர் ரிச்சர்ட் நிக்சன் செய்தியாளர்கள் முன் வந்தார். போதைப் பழக்கம்தான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். அதைச் சமாளிக்கத் தனி அலுவலகம் ஒன்றை வெள்ளை மாளிகையில் அமைத்து, அதன் தலைமைக்குச் சிகாகோவிலிருந்து ஒரு மனநல மருத்துவரைக் கொண்டுவந்தார். அவர் ஜெரோம் ஜாஃபி, முப்பதுகளில் இருந்த இளைஞர். ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர்கள் தரும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சை, கூட்டு வாழ்வு இல்லங்கள் என்று பல வழிகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து, இலினாய் மாநிலத்தின் போதை சிகிச்சைத் திட்டத்தை நடத்திக் காட்டியவர்.

ஜாஃபியின் முதல் முடிவு படைத்தளபதிகளைத் திகைக்கவைத்தது. வியட்நாமைவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு சிப்பாயும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெராயின் தெரிந்தால் விமானம் கிடையாது. சில நாட்கள் அங்கேயே தங்கி, உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு, மறுபடி பரிசோதனையில் தேறினால்தான் ஊர்ப் பயணம். அதே நேரத்தில், பரிசோதனையில் சிக்கியவர்மேல் ராணுவ நீதிமன்ற வழக்குக் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். தண்டனை பயத்தில் ஒளிந்துகொள்பவனுக்குச் சிகிச்சை தர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாதமே கேம் ரான் பே, லாங் பின் தளங்களில் பரிசோதனை தொடங்கியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கிளம்பும் நாளில் பரிசோதனை இருக்கிறது என்பது சிப்பாய்களுக்கு முன்பே தெரியும். கொஞ்ச நாள் முன்னால் நிறுத்திவிட்டால் தப்பித்துவிடலாம். ஊருக்குப் போகும் விமானத்தைவிட அந்தச் சிப்பாய்க்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அப்படியிருந்தும் சிக்கினார்கள் என்றால், அவர்கள் விளையாட்டுக்குப் புகைத்தவர்கள் அல்லர். நிறுத்த முடியாமல் போனவர்கள்.

ஆனால் ஜாஃபியின் மனத்தில் வேறொரு கேள்வி இருந்தது. விமானம் ஏறும்வரை சரி. ஊரில் போய் இறங்கிய பிறகு இவர்கள் என்ன ஆவார்கள்? லெக்சிங்டனுக்குப் போனவர்கள்போல ஆவார்களா?

அதைக் கண்டுபிடிக்க, ஊர் ஊராகச் சிதறிவிட்ட முன்னாள் சிப்பாய்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். போதை எடுத்தேன் என்று வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவர்கள் உண்மை பேசவேண்டும். நடக்கிற காரியமா?

நடக்கும் என்று சொல்லக்கூடிய ஒருவர் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்தார்.

*

லீ ராபின்ஸ். சமூகவியல் படித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறையில் வேலை பார்த்தவர். ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை. சிறுவயதில் நடத்தைக் கோளாறுகளுக்காக ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 500-க்கும் மேற்பட்ட குழந்தைகளை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய், அவர்கள் என்ன ஆனார்கள் என்று 1966-ல் புத்தகமே எழுதியிருந்தார்.

ஜாஃபி அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். ராபின்ஸ் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு மாதத்தை: 1971 செப்டம்பர். பரிசோதனை முறை அதற்குள் நிலைபெற்றிருந்தது. அந்த மாதத்தில் ஊர் திரும்பிய தரைப்படைச் சிப்பாய்கள் 13,760 பேர். அவர்களில் சுமார் 1,400 பேர் கிளம்பும் நேரத்துப் பரிசோதனையில் சிக்கியவர்கள்.

அவர் இரண்டு பட்டியல்கள் போட்டார். ஒன்று, ஊர் திரும்பிய எல்லோரிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்த சுமார் 470 பேர். இன்னொன்று, பரிசோதனையில் சிக்கியவர்களிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லெக்சிங்டன் ஆய்வுகள் எல்லாம் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே எண்ணியவை. ராபின்ஸ் மருத்துவமனை வாசலில் காத்திருக்கவில்லை. போதையைத் தொட்டவர், தொடாதவர், அடிமையானவர், தானாக விட்டவர் என எல்லோரும் கலந்த ஒரு கூட்டத்தின் குறுக்குவெட்டை எடுத்தார். இந்த ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது.

1972 மே மாதம் நேர்காணல்கள் தொடங்கின. ஊர் திரும்பி எட்டு முதல் பன்னிரண்டு மாதம் ஆகியிருந்த அவர்களைத் தேடிப் பயிற்சி பெற்ற நேர்காணல் பணியாளர்கள் நாடெங்கும் வீடு வீடாகப் போனார்கள். பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 900 பேர் பேசினார்கள். இருபதில் ஒருவர்கூட விடுபடவில்லை! பேச்சு முடிந்ததும் சிறுநீர் மாதிரி கேட்டு வாங்கினார்கள். ராணுவப் பதிவேடுகளோடு அவர்கள் சொன்னதை ஒப்பிட்டார்கள். பதிவேட்டில் போதைப் பழக்கம் எழுதப்பட்டிருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வியட்நாம் பற்றிய எண்கள் வந்தன. அரசு பயந்ததைவிட நிலைமை மோசம். குலுக்கல் பட்டியலில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அங்கே ஹெராயினையோ அபினையோ தொட்டுப் பார்த்திருந்தார்கள். 20 சதவீதம் பேர், ஐந்தில் ஒருவர், அடிமையாகவே இருந்ததாகச் சொன்னார்கள். போருக்குப் போகுமுன் அப்படி இருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

அடுத்து, ஊர் திரும்பிய பிறகான எண்கள்.

குலுக்கல் பட்டியலில், திரும்பி வந்த பிறகு எப்போதாவது தொட்டவர்கள் 10 சதவீதம். அடிமைத்தனத்தின் அறிகுறிகளோடு இருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு!

பரிசோதனையில் சிக்கியவர்களின் பட்டியல் இன்னும் வியப்பு. வியட்நாமில் தாங்கள் அடிமையாக இருந்ததாக அவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். ஊர் வந்தபிறகு மூன்றில் ஒரு பங்குபேர் மறுபடி தொட்டிருந்தார்கள். ஆனால் அடிமையாக இருந்தவர்கள் 7 சதவீதம் மட்டுமே.

ராபின்ஸ் அத்தோடு விடவில்லை. மூன்றாண்டுக் கணக்கும் பார்த்தார். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில், சிறிது காலத்துக்காவது மறுபடி அடிமையானவர்கள் 12 சதவீதம்.

லெக்சிங்டனில் பத்தில் ஒன்பது பேர் வீழ்ந்தார்கள். இங்கே எட்டில் ஏழு பேர் மீண்டுவிட்டார்கள். அதுவும் பெரும்பாலோர் ஊரில் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே!

*

பலர் நம்பவில்லை. அரசுக்கு ஆதரவாக ஜோடித்த கணக்கு என்றார்கள். ராபின்ஸ் பதிவேடுகளையும் பரிசோதனை முடிவுகளையும் திறந்துவைத்தார். எண்கள் அசையவில்லை. அப்படியானால் விளக்கம் என்ன?

விக்ளர் வழியில் சிந்தித்தவர்களுக்கு விடை கையிலேயே இருந்தது. காட்டையும் பதுங்குகுழியையும் பயத்தையும் சலிப்பையும், கூடப் புகைத்த தோழர்களையும் ஒரே விமானப் பயணத்தில் பின்னால் விட்டுவிட்டு வந்தவன் அந்தச் சிப்பாய். அவனை இழுக்க ஊரில் பழைய தெருமுனை இல்லை. லெக்சிங்டன் நோயாளி இதற்கு நேர் எதிர்: அவன் விடுபட்டது வேற்றிடத்தில், திரும்பியதோ போதை பழகிய அதே இடத்துக்கு.

இடத்துக்கு இத்தனை வலிமை உண்டா? ஆய்வுக்கூடங்கள் உண்டு என்றன. 1977-ல் ஃபிலடெல்ஃபியாவில் சார்ல்ஸ் ஓ'பிரயன் குழுவினர், மெத்தடோன் சிகிச்சையில் இருந்த சில தன்னார்வலர்களுக்கு, விலகல் அறிகுறிகளைத் தூண்டும் நலோக்சோன் மருந்தைச் சிறிதளவு செலுத்தும்போதெல்லாம் புதினா எண்ணெய் வாசனையையும் ஓர் ஒலியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு மருந்தே இல்லாமல் அந்த வாசனையும் ஒலியும் மட்டுமே அறிகுறிகளைக் கொண்டுவந்தன. விக்ளர் வட்டத்தில் உட்காரவைத்துக் கண்ணால் பார்த்தது, கருவிகளில் பதிவானது.

1982-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் இன்னும் பயங்கரமான ஒன்றைக் காட்டினார். எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டுமே ஹெராயின் கொடுத்துப் பழக்கினார். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பெரிய ஊசி. பழகிய அறையில் போட்டபோது 32 சதவீதம் எலிகள் இறந்தன. ஹெராயின் அறியாத வேறு அறையில் போட்டபோது 64 சதவீதம்! ஹெராயினுக்கே பழகாத எலிகளில் 96 சதவீதம். மருந்து ஒன்று, அளவும் ஒன்று. அறை மட்டும்தான் வேறு. பழகிய அறையைக் கண்டதும், வரப்போகும் விஷத்தை எதிர்க்க உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. அந்தத் தயார்நிலைதான், விஷம் வராமல் போனால், தவிப்பாக மாறுகிறது என்றார் சீகல். விட்டவர் பழைய இடத்துக்குப் போனதும் உள்ளே எழும் அந்தத் தவிப்பு மனக்கோழைத்தனம் அல்ல. உடம்பு கற்றுக்கொண்ட பாடம்.

ஆக, இடம்தான் எல்லாம் என்று முடித்துவிடலாமா?

முடிக்கவிடாதவர் யார் தெரியுமா? லீ ராபின்ஸேதான்!

அவர் தன் எண்களையே எடுத்துக் காட்டினார். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊர் வந்தும் ஹெராயினைத் தொட்டிருக்கிறார்கள். கிடைக்காததால் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. தொட்டும், பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. இடம் மாறியது மட்டுமே காரணமானால், தொட்டவர்கள் ஏன் விழவில்லை?

அவருடைய விடை மருத்துவர்களைச் சுட்டது. நீங்கள் பார்த்ததெல்லாம் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும்தான். தானாக மீண்டவன் உங்கள் வாசலுக்கு வருவதே இல்லை. மீள முடியாதவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஹெராயினைத் தொட்டவன் மீளவே மாட்டான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்றும் அந்த ஆய்வில் வெளிவந்தது. போரில் ஹெராயின் பக்கம் போனவர்கள் குடியைக் குறைத்திருந்தார்கள். ஊர் திரும்பியதும் ஹெராயின் போனது. பலரிடம் குடி திரும்பி வந்தது. அமெரிக்க ஊர்களில் ஹெராயினை ஒளிந்து தேட வேண்டும். மதுக்கடையோ தெருவுக்குத் தெரு திறந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, அடிமையானவரை ஊர் மாற்றிவிட்டால் போதும் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தச் சிப்பாய்கள் விமானம் ஏறுமுன் விலகல் நாட்களைக் கடந்திருந்தார்கள். வேலை, படிப்பு, பெற்றோர், காதலி என்று ஏதோ ஒன்று ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்தது. எட்டில் ஒருவர் அப்படியும் விழுந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. போதையிலிருந்து கிளம்புவது பாதிப் பயணம். போய்ச் சேர ஒரு வாழ்க்கை இருக்கவேண்டும் என்பது மீதிப் பாதி. லெக்சிங்டனில் அந்த முதல் பாதியைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார்கள். இரண்டாவது பாதிக்காக, விழுந்தவனையே குற்றம் சாட்டினார்கள். நம் வீடுகளிலும் இன்றுவரை அதையே செய்கிறோம். "இத்தனை செலவு பண்ணியும் திருந்தலையே" என்கிறோம். திருந்தி வந்தவருக்கு நாம் திறந்துவிட்ட கதவு எது என்று கேட்பதில்லை.

ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. சிப்பாய்க்குக் கடல் கடந்து ஓர் ஊர் இருந்தது. அதே ஊரில் பிறந்து, அதே ஊரில் குடித்து, வேலை போய், மனைவி பிரிந்து, நண்பர்கள் எல்லோருமே குடிகாரர்களாகிவிட்ட குடிநோயாளியை எந்த விமானத்தில் ஏற்றி எங்கே அனுப்புவது?

ராபின்ஸின் ஆட்கள் வீடு வீடாகக் கதவு தட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், இலினாய் மாநிலத்தின் தென்கோடியில் ஆனா என்ற சிற்றூரின் அரசு மனநல மருத்துவமனையில், நேதன் அஸ்ரின், ஜார்ஜ் ஹன்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். குடிநோயாளியை ஊர் மாற்ற முடியாவிட்டால், அவர் வாழும் ஊரையே அவருக்காக மாற்றிவிட்டால் என்ன?

பதினாறு ஆண்கள். எட்டுப் பேருக்கு மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை. இன்னொரு எட்டுப் பேருக்கு, மருத்துவமனைகள் வழக்கமாகச் செய்யாத காரியங்களைச் செய்தார்கள். வேலை தேடிக் கொடுத்தார்கள். பிரிந்துபோன மனைவியை அழைத்துவந்து இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பும் செய்தித்தாளும் வர ஏற்பாடு செய்தார்கள். கடைசியாக ஒரு பழைய மதுக்கூடத்தைப் பிடித்தார்கள்.

குடிநோயாளிகளை மாலை நேரத்தில் மதுக்கூடத்துக்கு அழைத்துப் போகும் மருத்துவர்களை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது? ஆறு மாதம் கழித்து அந்த எட்டுப் பேரில் யார் நின்றார்கள், யார் விழுந்தார்கள்?

அடுத்த வாரம்...

(தொடரும்)